படிக்குப் படி ஒரு குரல்



புத்தூரிலே ஓர் இளந்தாய் அண்மையில் எமக்குச் சொன்ன காட்சி இது. ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பலிக்குப் புறப்பட்டாக வேண்டும். இரண்டு வயதும் மூன்று மாதமுமான மகனை வளவின் பின்மூலையிலுள்ள மலசலகூடத்துக்கு அழைத்துச் சென்று, கால் நோவெடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிள்ளை எறும்பைப் பார்த்தது, வாளியைத் தட்டியது, பாட்டுப் பாடியது, ஒன்றும் நடக்கவில்லை. கழுவித் துடைத்து, ஆலயத்துக்கென வைத்திருந்த புதுச் சட்டையை உடுத்தி விறாந்தையில் விட்டார். அடுத்த நிமிடமே பிள்ளை நின்ற நிலையில் சலம் கழித்துவிட்டுத் தாயைப் பார்த்துச் சிரித்தது. அன்று விடிந்ததிலிருந்து அது மூன்றாவது தடவை. உள்ளேயிருந்து அம்மம்மாவின் குரல் வந்தது: “நீயெல்லாம் ஒரு வயசிலேயே பழகீற்றாய்.” தாயின் கை ஓங்கியது. அந்தக் கை விழுந்ததா இல்லையா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞானச் சிந்தனைக்குரிய பக்கத்தில் இவ்விடயம் எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். விவிலியம் முகஞ்சுளிக்கவில்லை. இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாளையத்துக்கு வெளியே ஓர் இடம் இருக்கவேண்டும், மண் தோண்டும் கருவியொன்றை உடன் கொண்டுசெல்லவேண்டும், கழிவை மண்ணால் மூடவேண்டும் என்று இஸ்ரயேலருக்குக் கட்டளையிடப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணந்தான் வியப்புக்குரியது. ஆண்டவர் அப்பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே அது. நம் ஆண்டவர் இயேசுவும், மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் தூய்மை பற்றிக் கற்பிக்கும்போது, உணவு வயிற்றுக்குள் சென்று கழிப்பிடத்துக்குப் போவதைக் கூச்சமின்றிச் சொல்கிறார். மனிதனைத் தீட்டுப்படுத்துவது அதுவல்ல, உள்ளத்திலிருந்து வருவதே என்கிறார். ஈரமான பாயைவிட, அந்தப் பாயைக் கண்டவுடன் நம் உள்ளத்திலிருந்து புறப்படும் சொல்லைப் பற்றியே நாம் கவலைகொள்ள வேண்டும் என்று இதனை இல்லத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம் அல்லவா?

முதலில் அம்மம்மாவின் கூற்றை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இளந்தாய்மாரை மிகவும் களைக்கச் செய்வது பிள்ளையின் ஈரமன்று, இந்த ஒப்பீடே. அம்மம்மா பொய் சொல்லவில்லை. எமது தாய்மார் காலை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கிடையே குழந்தையை இருத்தி, வாயால் மெல்லச் சீறும் ஒலி எழுப்பிப் பழக்கியதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கென்யாவின் கரையோரத்தில் வாழும் டிகோ இனத் தாய்மாரும் ஏறக்குறைய இதே வண்ணம், காலை நீட்டி, குழந்தையை இடையே இருத்தி, ஒலி எழுப்பிப் பழக்குகிறார்கள் என்றும், ஆறு மாதமளவிலேயே அக்குழந்தைகள் அந்த ஒலிக்கு இசைந்துவிடுகின்றன என்றும் 1977இல் மருத்துவ இதழொன்றில் ஆய்வாளர் எழுதினர். ஆகவே அது நடக்கக்கூடியதே. ஆனால் எப்படி நடக்கிறது? குழந்தையின் முகம் சிவப்பதையும் கால் நெளிவதையும் கண்டு உடனே தூக்கிக்கொண்டு ஓட, எந்நேரமும் ஒருவர் அருகிலிருப்பதனால் நடக்கிறது. அங்கே பழகியது குழந்தை மட்டுமன்று, பார்த்துக்கொண்டிருந்தவரும் பழகிவிட்டார். அந்நாளைய வீட்டில் அம்மம்மா, அப்பம்மா, சித்தி, மாமி என்று அதற்குக் கைகள் பல இருந்தன. இன்றைய வீட்டிலோ தந்தை கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். தாய் ஆசிரியையாகவோ தோட்ட வேலையிலோ இருப்பார். அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கைகள் குறைந்துவிட்டன; எதிர்பார்ப்போ குறையவில்லை.

மேலைநாட்டிலும் இக்கருத்து ஒரே நிலையில் நிற்கவில்லை. 1930களில் அமெரிக்க அரசின் தாய்மார் கையேடே பிறந்த சில மாதங்களிலேயே நேரம் வைத்துக் கண்டிப்பாகப் பழக்கும்படி கூறியது. 1962இல் பிரேசில்ரன் என்னும் குழந்தை வைத்தியர் 1,170 பிள்ளைகளின் விபரங்களைத் தொகுத்து, பிள்ளை ஆயத்தமாகும்வரை காத்திருந்து பழக்குமாறு எழுதினார். அவர் கண்ட பிள்ளைகள் பகலில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28 மாதங்களைத் தாண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1961இல், ஒரு கம்பனி விற்பனைக்குக் கொண்டுவந்த பொருளின் பெயரைத்தான் நாம் இன்று ‘பம்பஸ்’ என்று எல்லா வகைக்கும் பொதுப்பெயராக வைத்திருக்கிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது, அதுவரை அதைப் பற்றிச் சிந்தியாதிருந்த வீடுகளும் பிள்ளையை விரைந்து பழக்கவேண்டும் என்று அவசரப்படத் தொடங்கின. பணம் ஒரு காரணந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளையின் நரம்புக்குக் கடைவிலை தெரியாது.

சலப்பை நிறைந்ததை உணர்வது, அதைச் சிறிது நேரம் அடக்குவது, ஓரிடம் சென்றதும் விடுவது ஆகிய மூன்றும் மூளையும் நரம்பும் தசையும் சேர்ந்து கற்கும் வெவ்வேறு பாடங்கள். ஒன்றரை வயதளவில் இவை முதிரத் தொடங்குகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் பகற்பொழுதில் பழகிவிடுகின்றன; ஆண்பிள்ளைகள் சற்றுப் பிந்துவதும் வழக்கமே. பிள்ளை இரண்டு மணித்தியாலமாவது நனையாமலிருக்கிறதா, காற்சட்டையைத் தானே இறக்க முயல்கிறதா, நனைந்ததும் வந்து காட்டுகிறதா என்று பாருங்கள். நனைந்த பின்னர் வந்து சொல்லும் பிள்ளையைப் பலர் ஏசுவார்கள்: “இப்ப சொல்லி என்ன பயன்?” அதுவே முதற்பாடம் விளங்கிவிட்டதன் அடையாளம். முதலில் நடந்த பின்னர் சொல்லும், பிறகு நடக்கும்போது சொல்லும், கடைசியில்தான் நடக்குமுன் சொல்லும். புத்தூர்த் தாயின் மகன் சிரித்தது கேலிக்கன்று. தன்னுடலில் ஏதோ நிகழ்ந்ததை அவன் அப்போதுதான் கண்டுகொண்டான்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பிள்ளைப்பருவத்தைப் பற்றி அவருடைய தாய் செலி மார்ட்டின் எழுதிய கடிதமொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மூன்று வயது நிரம்பாத தெரேசா வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று “அம்மா” என்று கூப்பிடுவாளாம். தாய் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டாலும் பிள்ளை அந்தப் படியிலேயே நின்றுவிடும். மேலும் ஏறாது, கீழும் இறங்காது. இதை எழுதியவர் ஓய்ந்திருந்த பெண்மணியல்லர். பிரான்சின் அலென்சோன் நகரில் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். வேலைக்குப் பெண்களை வைத்து, வாடிக்கையாளரின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து, ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை இளம் வயதிலேயே அடக்கம் செய்த தாய். கடிதங்களில் களைப்பைப் பற்றி மறைக்காமல் எழுதியவர். 1877இல் புற்றுநோயால் இறந்தார். 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி அவரையும் கணவர் லூயியையும் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக உயர்த்தினார். திருச்சபை பீடத்தில் ஏற்றிய அந்தத் தாயின் நாட்கள், ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் படிக்குப் படி பதில் சொன்ன நாட்கள்.

பின்னாளில் துறவற மடத்தில் தெரேசா இளம் சகோதரியொருவருக்கு இதே படிக்கட்டைக் கொண்டு போதித்தார். சிறுபிள்ளை முதற்படியிலேயே ஏற முடியாமல் காலைத் தூக்கித் தூக்கி விழுகிறது. மேலே நிற்கும் இறைவன் அப்பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அந்தக் காலைத் தூக்கும் முயற்சியை மட்டுமே. ஒரு நாள் அவரே இறங்கிவந்து தூக்கிச் செல்வார் என்பது அவர் போதனையின் சாரம். ஏற முடியவில்லையே என்று பிள்ளையை மேலிருந்து அதட்டும் தந்தையாக அவர் கடவுளைக் கண்டதில்லை. தம் தாயிடம் அப்படியொரு குரலைக் கேளாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

ஆனால் அதே வீட்டில் வேறொரு குரலும் இருந்தது. தெரேசாவின் தமக்கை லெயோனி, பிடிவாதக்காரி என்று பெயரெடுத்த பிள்ளை. வீட்டுப் பணிப்பெண் அவளைத் தாய்க்குத் தெரியாமல் அச்சுறுத்தி அடக்கி வைத்திருந்தாள். பிள்ளை அடங்கியது, திருந்தவில்லை. செலி தம் மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னரே இதைக் கண்டுபிடித்தார். அச்சம் நீங்கித் தாயின் அன்பு கிடைத்த பின்னரே லெயோனியின் குணம் மாறத் தொடங்கியது. பிற்காலத்தில் அவர் துறவியாக வாழ்ந்து 1941இல் இறந்தார். அவரையும் புனிதராக்கும் பணி 2015இல் ஆரம்பிக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் நல்ல தாய் இருக்க, பிள்ளை அச்சத்தில் வளர முடியும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். “சூடு போடுவன்” என்ற மிரட்டலை நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள், எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று. இவ்வயதுப் பிள்ளைகள் வீட்டில் கடுமையாக அடிபடும் தருணங்களுள் மலசலப் பயிற்சி முக்கியமானதொன்று எனக் குழந்தை வைத்தியர்கள் எச்சரித்துள்ளனர். அடியின் விளைவு உடலிலேயே தெரியவரும். அஞ்சிய பிள்ளை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது நோகும். நொந்த பிள்ளை மறுமுறை இன்னும் அடக்கும். இச்சுழலுக்குள் விழுந்த பிள்ளையை மீட்க மாதங்கள் ஆகலாம். பப்பாசிப்பழம், வாழைப்பழம், கீரை, போதிய தண்ணீர் ஆகியன உதவும். அப்படியும் இறுகி இரத்தம் கண்டால், கை வைத்தியம் செய்து காலம் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட பின் குடல் தானாகவே அசையும் என்பதால், உணவுக்குப் பின் கால் மணித்தியாலம் கழித்து இருத்துவது பலன் தரும். ஐந்து நிமிடம் போதும். நம்மூர் மலசலகூடத்தின் கோப்பை பெரியவர்களின் காலளவுக்குச் செய்யப்பட்டது. அந்தத் துவாரமும் தண்ணீர் விழும் ஓசையும் சிறுபிள்ளைக்குப் பேரச்சம். சிறு பிளாஸ்டிக் சட்டியொன்றை வீட்டுக்குள் வைத்துப் பழக்கிவிட்டுப் பின்னர் அங்கே கொண்டுசெல்லலாம்.

சட்டியில் உள்ளதை வேலியோரத்திலோ வாழையடியிலோ கொட்டிவிடுவது நம்மிடையே பலருக்கு வழக்கம். பச்சைப்பிள்ளையின் கழிவு தீங்கற்றது என்பது தவறான நம்பிக்கை. அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. புத்தூர் மக்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடியில்லாக் கிணறு என்று முன்னோர் வியந்த அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். வற்றாத ஆறொன்றும் இல்லாத இக்குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு இருப்பினும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் ஒன்றோடொன்று தொடர்புடையது. உரத்தாலும் மலக்குழியாலும் நம் கிணறுகளில் நைத்திரேற்றும் மலக்கிருமிகளும் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். என் வாழையடியில் கொட்டியது அயலவரின் துலாவில் ஏறி வரும். பாளையத்தின் நடுவே ஆண்டவர் உலாவுகிறார் என்ற இணைச்சட்டத்தின் சொல்லை இந்த மண்ணில் வாசிப்போர் தம் கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். சட்டியில் உள்ளதை மலசலகூடத்தில் ஊற்றிவிட்டு, பிள்ளையின் கையையும் உங்கள் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இனி, ஓங்கிய கையைப் பற்றி. இரவு முழுதும் எழுந்து எழுந்து களைத்த தாயிடம் ‘பொறுமையாயிரு’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பொறுமை என்பது தூக்கமும் உதவியும் உள்ள இடத்தில் தங்குவது. இறைவாக்கினர் ஓசேயாவின் நூலில் 11ஆம் அதிகாரம் கடவுளையே பிள்ளை வளர்த்துக் களைத்த பெற்றோராகக் காட்டுகிறது. எபிராயிமுக்கு நடை பழக்கியவர் அவர், கையில் ஏந்தியவர் அவர், குனிந்து உணவூட்டியவர் அவர். பிள்ளையோ அதை உணரவில்லை. அவருக்கும் சினம் வருகிறது. ஆனால் அவர் இதயம் உள்ளே புரள்கிறது. சினத்தின்படி செய்யமாட்டேன் என்கிறார். தாம் மனிதர் அல்ல, இறைவன் என்பதே அவர் காட்டும் காரணம். நாமோ மனிதர். ஆகவே சினத்தின்படி செய்தும் விடுகிறோம். அப்படிச் செய்துவிட்ட தாய்மாரே, தந்தைமாரே, ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் செல்லும் நாள்வரை காத்திராதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மன்னிப்புக் கேட்டால் விளங்கும். மடியில் இருத்தி, “அம்மா அடிச்சது பிழை” என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறைந்துவிடாது. மறுபடி சினம் ஏறும்போது, பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். ஈரம் அதுவரை காத்திருக்கும்.

தந்தையருக்கு ஒரு வார்த்தை. ‘பிள்ளை பழகிவிட்டானா?’ என்று தொலைபேசியில் விசாரிப்பது உதவியாகாது. வீட்டிலிருப்பவராயின் மாலை நேரத்துப் பொறுப்பை முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டியைக் கழுவுவதும் அதில் அடங்கும். நாசரேத்தில் சூசையப்பர் தச்சு வேலை மட்டுமே செய்துகொண்டிருந்தார் என்று நம்ப நமக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

புத்தூர்த் தாயின் கதையில் மிச்சம் உண்டு. அவர் 1993இல் பிறந்தவர். கை ஓங்கிய அந்த ஞாயிறு பிற்பகலில் அம்மம்மா தாமாகவே வாய் திறந்தாராம். ஒரு வயதில் பழகிய மகள்தான். ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது அவளுக்கு இரண்டு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், வேறு குடும்பங்களோடு ஒண்டியிருந்த நாட்களில், பழகியதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. இரவு தோறும் பாய் நனைந்தது. சில இரவு அயலில் படுத்தவரின் பாயும் நனைந்தது. மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. மாற்றத் துணியும் இல்லை. அச்சத்தில் பிள்ளைகள் பழகியதை இழந்துவிடுவது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். அம்மம்மாவுக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. “அடிச்சனீங்களோ அம்மா?” என்று மகள் கேட்டிருக்கிறார். “அப்ப என்னெண்டு அடிக்கிறது? எல்லாரும் பயந்துதானே இருந்தனாங்கள்” என்றாராம் அம்மம்மா. பாய் நனைந்த அயலவப் பெண் ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் கொண்டுபோய் அலசி வெயிலில் விரித்தாராம். அவர் எந்த ஊர், என்ன பெயர் என்று அம்மம்மாவுக்கு இப்போது நினைவில்லை.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய பின், எந்த நாள் என்று குறித்துச் சொல்ல முடியாமல், பிள்ளை மறுபடி பழகியிருந்தது.

பேரன் இப்போது பகலில் ஏறக்குறையப் பழகிவிட்டான். இரவில் இல்லை. இரவுப் பழக்கம் உடல் தானே முதிர்ந்து வருவது. ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்குப் படுக்கை நனையும். அதற்காகப் பிள்ளையை வெட்கப்படுத்த வேண்டாம். முன்பள்ளியிலோ உறவினர் முன்னிலையிலோ சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். நன்கு பழகிய பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், அல்லது சலம் கழிக்கும்போது நோகிறதென்று அழுதால் மட்டும், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். அந்த வீட்டில் இப்போது இரவில் பாயின் மேல் றப்பர் விரிப்பொன்றும் பழைய சேலைத் துண்டொன்றும் போடுகிறார்கள். விடியற்காலையில் அதை அலசுவது அம்மம்மா. முழங்கால் வருத்தத்தோடு எதற்கு என்று மகள் தடுத்தும் அவர் கேட்பதில்லையாம்.